வெள்ளைக்காரி பாட்டு

உங்கள் கரோக்கி கூட்டத்துக்கு இனிமேல் என்னைக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டபோதெல்லாம் முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துவந்தேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு வர இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த பாவத்துக்காக நீங்கள் அனுப்புகிற வீடியோவை எல்லாம் பார்த்துத் தொலைக்கிறேன். பென்ஷன் வாங்குகிற வயதில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நாம் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்து இங்கிலீஷ் ராக் பாட்டுகளைப் பாடுகிறீர்கள். சரி, பாடுங்கள். ஆனால் பாட்டில் அந்த உச்ச இடம் வரும்போது மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டிவிட்டு, நீங்களே பாடுங்கள் என்று பெருந்தன்மை காட்டுவதுபோல் சிரிக்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை. தொண்டைக்கு எட்டாத பாட்டை எதற்குத் தொடவேண்டும்?

கடைசியாக வந்த வீடியோவின் கீழே உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். "இந்தப் பாட்டைத்தானே உன் அக்கா பாட வந்து, மேடையில் பயந்துபோய் வாயே திறக்காமல் நின்றாள்? பாவம்." கூடவே கண்ணீர் விடுகிற பொம்மை வேறு. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பொம்மை போட்டு அதை ஆமோதித்திருந்தீர்கள். அக்கா செத்துச் சில வருஷங்கள் ஆகின்றன. பதில் சொல்ல அவள் இல்லை. இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் உங்கள் வாயை அடைத்திருப்பாள். அந்த வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீடு டவுன்ஷிப்புக்கு வடக்கே, மாமல்லபுரம் போகிற வழியில், கடலை ஒட்டிய குப்பத்தில் இருந்தது. நைனா கட்டுமரத்தில் போய்ப் பிடித்துவந்த மீனை அம்மாவும் அக்காவும் அலுமினிய அன்னக்கூடையில் வைத்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் விற்பார்கள். லீவு நாளில் நானும் கூடப் போவேன். உங்கள் அம்மாக்கள் எல்லாம் கதவைப் பாதி திறந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, பாத்திரத்தை மட்டும் வெளியே நீட்டுவார்கள். மீன் வேண்டும், மீன்காரி வாசல் படியைத் தாண்டக் கூடாது. நாங்கள் உட்கார்ந்து செதில் சீவிய இடத்தில் பக்கெட் தண்ணீரை ஊற்றிக் கழுவுவது மாடிப்படி இறங்கும்போது எங்கள் காதில் விழும். உங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது.

அக்காவுக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். மூன்றாவது மாடிக்கெல்லாம் அவள் ஏறவே மாட்டாள். கீழே நின்று ஒரு குரல் விடுவாள். "வஞ்சிரோம்... சங்கராய்... நெத்திலீ..." அந்தக் கடைசி 'லீ' மேலே போய் அங்கேயே நிற்கும். குழந்தை தூங்குகிறது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். சண்டைக்கு வந்தவர்கள் மீனும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் ஆபீசர் குவார்ட்டர்ஸ் பால்கனியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். பெரிய ஆபீசரின் மகன். மெட்ராஸில் காலேஜில் படிப்பவர், லீவுக்கு வந்திருந்தார். காதுக்குக் கீழே வரைக்கும் கிருதா, தெருவைப் பெருக்குகிற பெல்பாட்டம். கையில் எப்போதும் கிடார் இருக்கும் என்பதால் பிள்ளைகள் நாம் அவரைக் கிடார் அண்ணன் என்போம்.

"ஏய், இன்னொரு தடவை கத்து" என்றார்.

"மீனு வேணுமா சார்?" என்றாள் அம்மா.

"மீன் வேணாம். அந்தப் பொண்ணு கத்தட்டும்."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். "வஞ்சிரம் வாங்கு, கத்துறேன்."

அவர் வாங்கினார். அவளும் கத்தினாள். அன்றைக்கே எங்களை ஸ்கூட்டர் ஷெட்டுக்குக் கூட்டிப்போனார்.

அந்த ஷெட்டில்தான் அவர்களுடைய இங்கிலீஷ் பாட்டு செட்டு இருந்தது. கிடார் அண்ணன், ஒரு டிரம்காரர், ஒரு ஆர்மோனியக்காரர். டிரம்காரரும் ஆர்மோனியக்காரரும் அதே குவார்ட்டர்ஸில் வேலையில் இருந்த கல்யாணமாகாத ஆட்கள். வைகாசியில் வருகிற டவுன்ஷிப் ஆண்டு விழாவில் ஒரே ஒரு பாட்டைப் பாடி ஊரையே அசத்துவது என்று திட்டம். பாட்டு ஒரு கேசட்டில் இருந்தது. மாமல்லபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரனின் மெஷினில் ஓடவிட்டு, கிடார் அண்ணனுடைய சிங்கப்பூர் டேப்ரிகார்டரைப் பக்கத்தில் வைத்து, அங்கே வேலை பார்த்த பையன் ஒருவன் பதிந்துகொடுத்தது. பேட்டரி தீரப்போகிற நேரத்தில் அவசர அவசரமாகப் பதிந்ததாம். ரெக்ஸின் உறையும், சிவப்புப் பட்டனும், கைப்பிடியில் சுற்றிய கைக்குட்டையுமாக அந்த டேப்ரிகார்டரை அவர்கள் வைத்துக் கொஞ்சியதுபோல் நான் பெற்ற பிள்ளையைக்கூடக் கொஞ்சியதில்லை.

டேப்பைப் போட்டார்கள். ஒரு வெள்ளைக்காரி பாடினாள். பாட்டென்றால் நாம் கேட்ட பாட்டு மாதிரி இல்லை. மெதுவாக ஆரம்பித்து, கெஞ்சி, கோபித்து, கடைசியில் ஒரு இடம் வந்தது. அங்கே வார்த்தையே கிடையாது, வெறும் கத்தல். ஒரு முனகலாகக் கிளம்பி, படிப்படியாக ஏறி, இதற்கு மேல் போகாது என்று நாம் நினைக்கிற இடத்தில் ஒரு தாவு தாவி, அங்கே நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

அந்த இடத்தை மூன்று பேரும் முயற்சி செய்து பார்த்துவிட்டார்களாம். எங்களுக்கும் பாடிக் காட்டினார்கள். கிடார் அண்ணன் கழுத்து நரம்பெல்லாம் புடைக்க வாயைத் திறந்தார், பாதி வழியில் சத்தம் நின்று காற்று மட்டும் வந்தது. டிரம்காரர் பொய்க்குரலில் பூனை மாதிரி முயன்றார். ஆர்மோனியக்காரர் தன் பெட்டியில் விரலை வைத்துப் பார்த்து, "ஆறு கட்டைக்கு மேல போகுதுப்பா. ஆம்பளை எவனுக்கும் இது வராது. அதான் பொம்பளை பாடியிருக்கா" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தச் சுருதிக்குக் கிடாரை முறுக்கி முறுக்கி ஒரு கம்பி அறுந்து, கிடார் அண்ணன் கன்னத்தில் கோடு வேறு போட்டிருந்தது.

அக்கா டேப்பை இரண்டு தடவை கேட்டாள். கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பாடினாள். அந்தத் தாவு வந்தது, தாவினாள், நின்றாள். ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. கிடார் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஒத்திகை. அம்மா வெளியே வேப்பமரத்தடியில் கூடையோடு உட்கார்ந்து திட்டிக்கொண்டிருப்பாள். அந்தப் பாட்டில் என்ன வார்த்தை இருக்கிறதென்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. கிடார் அண்ணனுக்குப் பாதி பிடிபட்டது, மீதிக்குத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷைப் போட்டு நிரப்பினார். அக்காவோ காதில் விழுந்தபடியே பிடித்துக்கொண்டாள். ஒரு வரி எங்களுக்கு "ஆட்டுக்கால் வேணான்டி" என்று கேட்டது. அடுத்தது "தோட்டக்கார மாமா". ஆட்டுக்கால் வேண்டாம் என்று அவள் உருகும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாட்டைவிட அந்த வெள்ளைக்காரிதான் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். படுத்தால் அவள் பேச்சு, மீன் ஆய்ந்தால் அவள் பேச்சு.

"எப்டி கத்துறா பாத்தியா? அவ வூட்ல ஒருத்தன்கூட வாய மூடுன்னு சொல்லல போலக்குது" என்பாள்.

"சொல்லியிருப்பாங்க. இவ கேட்டிருக்க மாட்டா" என்பேன்.

"அக்காங். அப்டித்தான் இருக்கும். பல்லு கொஞ்சம் எடுப்பா இருக்கும்டி அவளுக்கு. இல்லாட்டி அவ்ளோ வாய் தொறக்க முடியாது."

வீட்டில் சம்மதம் வாங்கியதைச் சொல்ல வேண்டும். ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோவளத்து அத்தை மகன். அத்தை வந்து உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "கூவிக் கூவி மீனு விக்கிறது வரிக்கும் சரி. பாட்டு கீட்டுனு எங்க வூட்டாண்ட வந்துறக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்." நைனா ஒரு படி மேலே போனார். "இங்கிலீசுல கத்துனா மீனு வந்து வலைல வுழுமா? மேடைல ஏறுனா கால ஒடிச்சிருவேன்." அம்மாவுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கேட்டது ஆபீசரம்மா, அதாவது கிடார் அண்ணனின் தாயார். அந்த அம்மாள் வாங்குகிற மீன்காரியிடம்தான் மற்ற குவார்ட்டர்ஸ்காரர்களும் வாங்குவார்கள். அவள் முகம் சுளித்தால் எங்கள் கூடை நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பும். அம்மா நைனாவோடு மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கியது இதற்காகத்தான், மகளுக்காக இல்லை. அக்காவுக்கு அது எப்படி வந்தது என்பதெல்லாம் முக்கியமாகப் படவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, அத்தனை பேருக்கு முன்னால், வெள்ளைக்காரி மாதிரி வாயைத் திறந்து கத்திவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

சாயங்காலம் குப்பத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பில் நின்று பழகுவாள். முதல் நாள் அந்தத் தாவு தாவியதும் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆம்பிளைகள் துடுப்போடு ஓடிவந்தார்கள்.

"இன்னாமே, பாம்பு கட்சிடுச்சா?"

"பாடிகினு கீறேன்."

"பாட்டா இது? பொணம் வுழுந்திருச்சோன்னு ஓடியாறோம். சொல்லிட்டு கத்தக் கூடாது? பேஜாரு புட்ச்ச பொண்ணு."

அவர்கள் ஏசிக்கொண்டே போனார்கள். மறுநாள் யாரும் ஓடிவரவில்லை. நிஜமாகவே பாம்பு கடித்தாலும் இனி வரமாட்டார்கள் என்று அக்கா சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கி இறாலை ஓட்டலில் கொடுப்பதற்காக நானும் அக்காவும் மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயிலுக்கு இந்தப் பக்கம் மணலில் ஹிப்பிகள் நாலைந்து பேர் கிடந்தார்கள். தலைக்கு எண்ணெய் இல்லை, காலுக்குச் செருப்பு இல்லை. அவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"இவளுக்கு அவளத் தெரிஞ்சிருக்கும். கேப்போம் வா" என்று அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

எதிரில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல், ஆட்டுக்காலில் ஆரம்பித்துக் கடைசிக் கத்தல் வரைக்கும் பாடினாள். அந்தப் பெண் கடலையைக் கொட்டிவிட்டுக் கைதட்டினாள். அக்கா தன் பின்னலைத் தூக்கிக் காட்டி, "லேடி, லேடி, எங்க?" என்று கேட்டாள். பாடியவள் எங்கே இருக்கிறாள் என்பது கேள்வி. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, "ஹி" என்றாள். அக்கா மறுபடியும் "லேடி" என்றாள். அந்தப் பெண் எல்லாப் பல்லும் தெரிய, "ஹி! ஹி!" என்றாள்.

"இன்னாடி இவ, ஹிஹின்னு இளிக்கிறா?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போடி ஹிஹி" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். பின்னாலிருந்து அவள் இன்னும் ஹி, ஹி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது கிடார் அண்ணனின் காலேஜ் சிநேகிதர் வந்தார். மெட்ராஸிலிருந்து ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். கக்கத்தில் சதுரமாக ஒரு அட்டை. அந்தப் பாட்டின் அசல் ரிகார்டு. ஷெட்டுக்குள் வந்ததும் அதை அக்கா கையில்தான் முதலில் கொடுத்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

அட்டையில் ஒரு முகம். தோளில் புரள்கிற சுருட்டை முடி, மூடிய கண், ஆவென்று திறந்த வாய்.

"நான் சொல்லல?" அக்கா என்னை இடித்தாள். "முடியப் பாருடி. பல்லு எடுப்பாத்தான் கீது. நான் சொன்னனா இல்லியா?"

சிநேகிதர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது பொம்பளையா? அட்டையைத் திருப்பிப் பாரும்மா."

பின்பக்கத்தில் அதே ஆள் முழுதாக நின்றான். சட்டை இல்லை. மார் முழுக்க மயிர்.

ஷெட்டே சிரித்தது. அத்தனை நாளும் வெள்ளைக்காரி, வெள்ளைக்காரி என்று அவர்களும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சிரித்ததென்னவோ அக்காவைப் பார்த்து. ஆபீசர் வீட்டு ரிகார்டு பிளேயரை எடுத்துவந்து போட்டார்கள். அதே பாட்டு, இரண்டு கட்டைக்கும் அதிகமாகக் கீழே இறங்கி, மெதுவாக, ஆம்பிளைக் குரலில் வந்தது. சிநேகிதர் விளக்கினார். பேட்டரி சோர்ந்திருக்கும்போது பதிந்தால் டேப் மெதுவாக ஓடிப் பதிந்துகொள்ளும். அதையே வீட்டுக் கரண்டில் போட்டால் வேகமாக ஓடும், சுருதியும் மேலே ஏறிவிடும், ஆம்பிளை பொம்பளை ஆகிவிடுவான். இப்படி ஒரு சுருதியில் இந்தப் பாட்டை உலகத்தில் யாரும் பாடியதே இல்லை, சோர்ந்துபோன பேட்டரியைத் தவிர.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் ஹி என்றால் அவன், ஷி என்றால் அவள் என்று ஒப்பித்தவள் நான். மணலில் அந்தப் பெண் இளிக்கவில்லை. அவன், அவன் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

அக்கா அட்டையை ஆர்மோனியப் பெட்டி மேல் வைத்தாள். "இது வேற பாட்டு" என்றாள்.

"அதே பாட்டுதாம்மா" என்றார் சிநேகிதர்.

"இல்ல. இது வேற."

மறுபடியும் சிரித்தார்கள். கிடார் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் வேறு வெளிச்சம் வந்திருந்தது. "அப்ப இதை நானே பாடலாமே" என்றார். அதற்குள் கிடாரைத் தளர்த்தவும் தொடங்கிவிட்டார். கீழ்ச் சுருதியில் முக்கால்வாசிப் பாட்டு அவருக்கு வந்தது. கடைசிக் கத்தல் மட்டும் அப்போதும் எட்டவில்லை. நாலு தடவை முட்டிப் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"நீ பக்கத்துல இன்னொரு மைக்ல நில்லு. அந்தக் கத்தல் வரும்போது நான் வாயைத் திறப்பேன், கையைக் காட்டுவேன். நீ எடுத்துக் குடு. ரெண்டு குரலும் கலந்துடும். யாருக்கும் தெரியாது."

எடுத்துக் கொடுப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பாடுகிறவருக்கு அடி மறந்துபோனால், சுருதி தவறினால், பக்கத்தில் இருப்பவர் முதல் சொல்லை மெல்ல எடுத்துக் கொடுப்பார். பஜனையில் நடக்கும், கூத்தில் நடக்கும். அதில் கேவலம் ஒன்றுமில்லை. இந்த மனுஷன் கேட்டது அது இல்லை. அவள் தொண்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிவிடச் சொன்னார். அதற்கு இப்படி ஒரு மரியாதையான பேர் வைத்தார். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா சரி என்று தலையாட்டினாள். எனக்கு அவள் மேலேயும் கோபம்.

"போவாதக்கா. உன்ன ஏமாத்துறாங்க" என்றேன் வீட்டுக்கு வந்து.

"போவேன்" என்றாள். "மேடைல ஏறுவேன்."

விழா அன்று வெயில் தாழ்கிற நேரம். விளையாட்டு மைதானத்தில் ஷாமியானா. முன்வரிசை சோபாக்களில் ஆபீசர்கள், அதற்கு முன்னால் ஜமுக்காளத்தில் நாமெல்லாம். கயிற்றுக்கு வெளியே குப்பத்துச் சனம், நைனாவும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். மீன் வாடை வரக்கூடாது என்று ஆபீசரம்மா தன்னுடைய பழைய நைலெக்ஸ் புடவை ஒன்றை அக்காவுக்குக் கட்டிவிட்டு, கழுத்தெல்லாம் பவுடரைக் கொட்டியிருந்தாள். அக்கா முகம் வேர்வையில் திட்டுத்திட்டாக இருந்தது. கடல் காற்று மைக்கில் புகுந்து புஸ்புஸ் என்றது.

கிடார் அண்ணன் நன்றாகத்தான் ஆரம்பித்தார். அதையும் சொல்லிவிடுகிறேன், நான் பொய் எழுத வரவில்லை. கண்ணை மூடி, முடியைச் சிலுப்பிப் பாடினார். உங்கள் அக்காமார்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தல் நெருங்கியது. முனகல் கிளம்பியது. படி ஏறியது. அவர் தலையை நிமிர்த்தி வாயை அகலத் திறந்து, அக்கா பக்கம் கையைக் காட்டினார்.

தண்ணீர் வராத குழாயில் வருமே, அந்தச் சத்தம் வந்தது.

அக்கா மைக்குக்கு முன்னால் நின்றாள். வாய் மூடியிருந்தது. கூடையில் கிடக்கிற மீனைச் செவுள் தூக்கிப் பார்ப்பாளே, அப்படி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரம்காரர் அதே இடத்தைத் திருப்பித் திருப்பி அடித்தார். கிடார் அண்ணன் இரண்டாம் முறை வாயைத் திறந்தார், இருமல் வந்தது. மைக் திறந்திருப்பதை மறந்து, "எடுத்துக் குடு, எடுத்துக் குடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அது நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. உங்கள் காதிலும் விழுந்தது. அதை மட்டும் எப்படி வசதியாக மறந்தீர்கள்?

அக்கா அசையவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள். சோபாக்களில் ஒரு சலசலப்பு. யாரோ ஓடிவந்து மைக் கோளாறு என்று அறிவித்து, அடுத்ததாகக் கோலாட்டம் என்றார்கள். அவள் பாடியிருந்தால் அந்த மைதானமே எழுந்து நின்றிருக்கும், எனக்குத் தெரியும். அது அவளுக்குக் கிடைத்த ஒரே மேடை, அதுவும் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஆனந்தமாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் ஆபீசரம்மா வந்தாள். கோபத்தை விழுங்கிக்கொண்டு அக்கா தோளைத் தட்டினாள். "பரவாயில்லம்மா. முதல் தடவை இல்லையா, பயம் எல்லாருக்கும் வரதுதான்."

"பயமா? எனக்கா?" என்றாள் அக்கா. "யம்மா, உன் புள்ளைக்குத்தான் தொண்டைல முள்ளு மாட்டிகினு கீது. சோத்த உருண்ட புடிச்சி முழுங்கச் சொல்லு."

அம்மா அக்காவைக் கன்னத்தில் அறைந்தாள். பிறகு ஆபீசரம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டாள், சின்னப் பொண்ணு, தெரியாமல் பேசிட்டாள் என்று கெஞ்சினாள். ஆபீசரம்மா புடவையைத் துவைத்துக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டுக் கதவு அதற்குப் பிறகு எங்களுக்குத் திறக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மற்றக் கதவுகளும் மூடிக்கொண்டன. அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் வரை நடந்து விற்க வேண்டியதாயிற்று. பயந்துவிட்டாள் என்ற கதையை மட்டும் அந்த அம்மாள் டவுன்ஷிப் முழுக்கப் பரப்பினாள். மகன் மானம் தப்ப வேண்டுமே. நீங்கள் இத்தனை வருஷமாகச் சுமப்பது அந்தக் கதையைத்தான். ஆவணியில் அக்கா கோவளம் போனாள். அத்தைக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான், பிறகு அவள் பாடவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் கடலோரமாக நடந்து வீட்டுக்கு வந்தோம். அம்மாவும் நைனாவும் எங்களோடு வர மறுத்து முன்னால் போய்விட்டார்கள். அக்கா நைலெக்ஸ் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஈர மணலில் நடந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"ஏங்க்கா பாடல?" என்றேன்.

"அது அவ பாட்டுடி. அவ பாட்ட இவனுக்கு இன்னாத்துக்கு எடுத்துக் குடுக்கணும்?"

"எவ? அப்டி ஒருத்தி இல்லவே இல்லியேக்கா. நீயும்தான அட்டைய பாத்த?"

அக்கா நின்றாள். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இல்லன்னா? அப்ப அவளுக்கோசரம் கேக்கறதுக்கு யாரு கீறா? நான் ஒருத்திதானடி கீறேன்."